ஐந்து மகள்மாரையும் இழந்த தந்தை: இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்களின் வாழ்விலிருந்து

சில வருடங்களுக்கு முன்னர் எனது வகுப்பில் படித்த ஒரு மாணவன் காய்ச்சலில் வபாத்தானான். நல்லடக்கம் முடிந்து, வந்தவர்கள் கலைந்து போன பிறகு அவனுடைய வாப்பா என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். தாங்கள் தொழுகிறவர்கள், ஹலாலாகச் சம்பாதிக்கிறவர்கள், யாருக்கும் அநியாயம் செய்யாதவர்கள் என்று சொல்லிவிட்டு, அப்படியிருந்தும் அல்லாஹ் தங்களை வெறுத்துவிட்டானா என்று மிக மெல்லிய குரலில் கேட்டார். அவருக்கு ஒரே ஆண்பிள்ளை. நான் பொறுமையைப் பற்றி எல்லோரும் சொல்லும் வார்த்தைகளைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஆனால் நான் சொன்னது எனக்கே போதவில்லை.

அந்தக் கேள்வி என்னுடனேயே வீட்டுக்கு வந்தது. பிறகு பல நாட்கள் அதற்குப் பதில் தேடியபோது என்னை நிறுத்தி வைத்தது ஒரு வாழ்க்கை. அது இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானி (ரஹ்) அவர்களுடைய வாழ்க்கை.

அவர்களுடைய பெயர் நமக்குப் புதியதல்ல. நமது அரபு மத்ரஸாக்களில் ஓதும் பிள்ளைகளுக்கு அவர்கள் புலூகுல் மராம் எனும் ஹதீஸ் தொகுப்பின் ஆசிரியர். உலமாக்களுக்கு அவர்கள் ஸஹீஹுல் புஹாரிக்கு பத்ஹுல் பாரி எனும் விரிவுரை எழுதிய மாமேதை. ஷாபிஈ பிக்ஹ் நூல்களில் அடிக்கடி வரும் இப்னு ஹஜர் அல்ஹைதமி (ரஹ்) அவர்கள் வேறொருவர். அவர்கள் பின்னைய காலத்தவர். நான் சொல்ல வருவது அஸ்கலானி இமாம் அவர்களைப் பற்றி. பள்ளிவாசல் அலுமாரிகளில் தங்க எழுத்துக்களுடன் வரிசையாக நிற்கும் அந்தப் பாகங்களுக்குப் பின்னால் ஓர் அநாதைச் சிறுவனும், ஐந்து பெண்பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு வாப்பாவும் இருக்கிறார்கள் என்பதை நம்மில் பலர் அறிந்திருப்பதில்லை.

யாருமில்லாத பிள்ளை

ஹிஜ்ரி 773 ஷஃபான் மாதத்தில் (கி.பி. 1372) இமாம் அவர்கள் எகிப்தின் கெய்ரோவில் பிறந்தார்கள். மூதாதையர் பலஸ்தீனக் கரையோர நகரமான அஸ்கலானைச் சேர்ந்தவர்கள். தந்தை நூருத்தீன் அலி அவர்கள் ஓர் ஆலிம், கவிஞர், வியாபாரத்திலும் ஈடுபட்டவர்.

இமாம் அவர்கள் சிறு குழந்தையாக இருக்கும்போதே தாயார் மரணித்தார்கள். ஹிஜ்ரி 777இல் தந்தையும் போய்விட்டார்கள். அப்போது பிள்ளைக்கு நான்கு வயது கூட நிறைவடைந்திருக்கவில்லை. தந்தையின் முகம் தனக்கு ஒரு நிழல் போலத்தான் நினைவிருக்கிறது என்று இமாம் அவர்கள் பிற்காலத்தில் எழுதி வைத்தார்கள். இலட்சக்கணக்கான அறிவிப்பாளர் விபரங்களை மனதில் வைத்திருந்த ஒருவருக்குத் தன் வாப்பாவின் முகம் மட்டும் தெளிவாக நினைவில் இல்லை.

தந்தையின் நண்பரும் எகிப்தின் பெரும் வணிகர்களில் ஒருவருமான ஸகியுத்தீன் அல்கர்ரூபி அவர்கள் பொறுப்பாளராக நின்று பிள்ளையை வளர்த்தார்கள். ஒன்பது வயதில் குர்ஆன் மனனம் முடிந்தது. ஹிஜ்ரி 784இல் அவர் பிள்ளையைத் தன்னுடன் மக்காவுக்கு அழைத்துச் சென்றார். அடுத்த வருட ரமழானில், பன்னிரண்டு வயதில், இமாம் அவர்கள் மக்காவில் தராவீஹ் தொழுகையை முன்நின்று நடத்தினார்கள். அந்த வளர்ப்புத் தந்தையும் ஹிஜ்ரி 787இல் காலமானார்.

எஞ்சியிருந்தவர் மூத்த சகோதரி ஸித்துர் ரக்ப். பெற்றோர் ஹஜ்ஜுக்குப் போகும் வழியில் பிறந்ததால் பயணக் கூட்டத்தின் தலைவி என்ற பொருளில் அந்தப் பெயர். எழுதப் படிக்கத் தெரிந்த, நல்ல நினைவாற்றல் உள்ள பெண். உம்மாவுக்குப் பிறகு தனக்கு உம்மாவாக இருந்தவர் அவர்தான் என்று இமாம் அவர்கள் நன்றியோடு பதிந்திருக்கிறார்கள். ஹிஜ்ரி 798இல் (கி.பி. 1396) அந்தச் சகோதரியும் முப்பது வயதை எட்டுவதற்கு முன் மரணித்தார்.

இருபத்தைந்து வயதில் இமாம் அவர்களைச் சுற்றி, பிறந்த வீட்டு உறவு என்று சொல்ல யாரும் இருக்கவில்லை.

தேடல்

இழப்புகள் அவர்களை முடக்கிப் போடவில்லை. ஹாபிழ் ஸைனுத்தீன் அல்இராக்கி (ரஹ்) அவர்களிடம் பத்து வருடங்கள் ஹதீஸ் கலை கற்றார்கள். ஸிராஜுத்தீன் அல்புல்கீனி, இப்னுல் முலக்கின் (ரஹ்) போன்ற அக்காலத்தின் பெரியார்களிடம் அமர்ந்தார்கள். அலெக்ஸாந்திரியா, ஹிஜாஸ், யெமன், ஷாம் என்று ஊர் ஊராகப் போனார்கள். யெமனில் அல்காமூஸ் எனும் புகழ்பெற்ற அரபு அகராதியைத் தந்த பைரூஸாபாதி அவர்களைச் சந்தித்தார்கள்.

இரண்டாவது யெமன் பயணத்தில் அவர்கள் ஏறிய கப்பல் சிதைந்து, பணமும் பொருட்களும், தன் கையாலேயே எழுதிய நூல்களும் கடலில் மூழ்கின. அருகிலிருந்த தீவில் சில நாட்கள் தங்கி, சுழியோடிகளுக்குக் கூலி பேசி, பெரும்பகுதியை மீட்டெடுத்தார்கள். முயற்சி செய்வதும் தவக்குல் வைப்பதும் ஒன்றோடொன்று மோதும் விடயங்கள் என்று அவர்கள் நினைத்ததில்லை. பிற்காலத்தில் கொள்ளைநோயை எதிர்கொண்டபோதும் இதே போக்கைத்தான் காண்கிறோம்.

ஐந்து பெயர்கள்

ஹிஜ்ரி 798இல், சகோதரி மரணித்த அதே வருடத்தில், இமாம் அவர்கள் உன்ஸ் காத்தூன் எனும் பெண்மணியை மணந்தார்கள். கணவரின் ஊக்கத்தால் அவர் ஹதீஸ் கற்று, அதைப் பிறருக்கு அறிவிக்கும் தகுதி பெற்ற ஆலிமாவாக உயர்ந்தார். இத்தம்பதியருக்கு ஐந்து பெண்பிள்ளைகள். ஸைன் காத்தூன் 802இலும், பர்ஹா 804இலும், காலியா 807இலும், ராபிஆ 811இலும், பாத்திமா 817இலும் பிறந்தார்கள். (பத்ருத்தீன் முஹம்மத் எனும் மகன் இமாம் அவர்களுக்கு வேறொரு தாயின் மூலம் கிடைத்தவர்.)

பெண்பிள்ளைகள் என்று அவர்களைக் கல்வியில் ஒதுக்கி வைக்கவில்லை. மூத்தவர் ஸைன் காத்தூனைச் சிறு வயதிலேயே பெரிய ஹதீஸ் அறிஞர்களின் சபைக்குக் கொண்டு சென்று அவர்களிடமிருந்து இஜாஸா பெற்றுக் கொடுத்தார்கள். பெண்மக்களைக் கொண்டு சோதிக்கப்பட்டு அவர்களை நல்ல முறையில் நடத்துபவருக்கு அப்பிள்ளைகள் நரகிலிருந்து காக்கும் திரையாவார்கள் என்ற நபிமொழி புஹாரியில் இருக்கிறது. ஐந்து மகள்மாரின் தந்தை அதற்கு விளக்கம் எழுதியவர்களில் ஒருவர்.

அந்த மாபெரும் விளக்கவுரையை, பத்ஹுல் பாரியை, இமாம் அவர்கள் ஆரம்பித்தது ஹிஜ்ரி 817இல் (கி.பி. 1414). கடைக்குட்டி பாத்திமா பிறந்த வருடமும் அதுவே. எழுதி முடித்தது ஹிஜ்ரி 842இல். இடைப்பட்ட இருபத்தைந்து வருடங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாஊன் வீட்டுக்குள் வந்தது

கி.பி. 1347இல் எகிப்துக்குள் நுழைந்த தாஊன் எனும் கொள்ளைநோய் அதன்பிறகு அந்த நாட்டை விட்டு முழுமையாகப் போகவில்லை. சில வருடங்களுக்கொரு தடவை திரும்பி வந்தது. அக்குளிலும் கவட்டிலும் நெறிகட்டி, காய்ச்சல் கொதித்து, சில நாட்களுக்குள் உயிர் போகும். இதை உண்டாக்கும் நுண்ணுயிரை உலகம் இனங்கண்டது 1894இல்தான். அன்றைய வைத்தியர்கள் காற்று கெட்டுப்போவதே காரணம் என்றார்கள். ஒரே வீட்டில், ஒரே காற்றைச் சுவாசிக்கும் இருவரில் ஒருவரை நோய் தொட்டு மற்றவரை விட்டுவிடுவது ஏன் என்று இமாம் அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். தன் வீட்டிலேயே பார்த்த ஒருவரின் கேள்வியாக அது இருந்திருக்கலாம்.

ஹிஜ்ரி 819இல் (கி.பி. 1416) கெய்ரோவில் தாஊன் பரவியபோது, இரண்டு வயதளவில் இருந்த பாத்திமாவும், பன்னிரண்டு வயதளவில் இருந்த காலியாவும் மரணித்தார்கள்.

அந்த வருடமே இமாம் அவர்கள் ஒரு நூலைத் தொடங்கினார்கள். பத்லுல் மாஊன் என்பது அதன் சுருக்கப் பெயர். தாஊன் என்றால் என்ன, முன்னைய சமூகங்களில் அது எப்படி வந்தது, அதில் மரணித்தவரின் நிலை என்ன, நோயுள்ள ஊருக்குள் போவதும் அங்கிருந்து வெளியேறுவதும் கூடுமா, நோய் வந்த பின் ஒரு முஃமின் என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஐந்து பகுதிகளாக ஆராய்கிறார்கள். ஹதீஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, பலமானதையும் பலவீனமானதையும் பிரித்துக் காட்டுகிறார்கள். தன் பிள்ளைகளின் மரணத்துக்கு ஆறுதல் தேடும் இடத்திலும் பலவீனமான அறிவிப்பை பலமானது என்று அவர்கள் சொல்லவில்லை. ஆறுதல் உண்மையின் மீது கட்டப்பட்டால்தான் நிற்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஆனால் அந்த நூலை அப்போது அவர்கள் முடிக்கவில்லை. அது பதினான்கு வருடங்கள் காத்துக் கிடந்தது.

பதவியும் ஜனாஸாக்களும்

ஹிஜ்ரி 827இல் (கி.பி. 1423) இமாம் அவர்கள் எகிப்தின் ஷாபிஈ மத்ஹபுப் பிரதம காழியாக நியமிக்கப்பட்டார்கள். மம்லூக் ஆட்சியில் ஓர் ஆலிம் அடையக்கூடிய மிக உயர்ந்த ஆசனங்களில் ஒன்று அது. அதில் நிம்மதி இருக்கவில்லை. நியமிப்பதும் நீக்குவதும் மீண்டும் நியமிப்பதுமாகப் பல தடவைகள் நடந்தது. மொத்தமாகச் சுமார் இருபத்தொரு வருடங்கள் அந்தச் சுமையைச் சுமந்தார்கள்.

ஹிஜ்ரி 828இல் பர்ஹா ஹஜ் செய்துவிட்டு நோயுடன் திரும்பி வந்தார். சிறிது காலத்தில் மரணித்தார். வயது இருபத்து மூன்று அல்லது இருபத்து நான்கு. ஹிஜ்ரி 832இல் ராபிஆவும் போய்விட்டார். எஞ்சியது மூத்தவர் ஸைன் காத்தூன் மட்டும்.

ஹிஜ்ரி 833 (கி.பி. 1430) எகிப்து கண்ட மிகக் கொடூரமான தாஊன் வருடங்களில் ஒன்று. அந்த வருடத்தில்தான் ஹிராத்தை ஆண்ட தைமூரிய மன்னர் ஷாருக் எகிப்து சுல்தானுக்குத் தூதனுப்பி, தனக்கு வேண்டிய நூல்களைக் கேட்டிருந்தார். அவற்றில் ஒன்று இன்னும் எழுதி முடிக்கப்படாத பத்ஹுல் பாரி. முதல் மூன்று பாகங்கள் அவருக்காகத் தயார் செய்யப்பட்டன. தூரதேசத்து மன்னர் தன் நூலைத் தேடிக் கேட்ட வருடத்தில், அந்த நூலாசிரியரின் மூத்த மகள் தாஊனில் வீழ்ந்தார். ஸைன் காத்தூன் அப்போது கர்ப்பிணியாக இருந்தார். வயிற்றில் இருந்த பிள்ளையோடு மரணித்தார்.

ஐந்து மகள்மாரும் போய்விட்டார்கள். ஸைன் காத்தூனின் மகன் யூஸுபுக்கு அப்போது ஐந்து வயதளவு. நான்கு வயதில் வாப்பாவை இழந்த இமாம் அவர்களின் கையில், ஐந்து வயதில் உம்மாவை இழந்த பேரன் வந்து சேர்ந்தான். பாட்டனும் பாட்டியும் அவனை வளர்த்தார்கள். பிற்காலத்தில் அந்தப் பேரனும் ஓர் ஆலிமாக, இப்னு ஹஜரின் பேரர் என்ற பெயராலேயே அறியப்பட்டார்.

பதினான்கு வருடங்களுக்கு முன்னர் ஆரம்பித்த தாஊன் பற்றிய நூலை இமாம் அவர்கள் எழுதி முடித்ததும் அந்த வருடம்தான்.

அந்த நூல் சொல்வது

துன்பம் வரும்போது மனிதன் இரண்டு பக்கங்களில் சரிகிறான். ஒன்று, அல்லாஹ் தன்னைக் கைவிட்டுவிட்டான் என்று நினைப்பது. மற்றது, அல்லாஹ்வின் பெயரால் யோசனையற்ற காரியங்களில் இறங்குவது. இமாம் அவர்கள் இரண்டையும் மறுத்தார்கள்.

இரண்டாவதற்கு அவர்கள் கண்ட ஓர் உதாரணம் அந்த 833ஆம் வருடத்திலேயே நடந்தது. மக்கள் மூன்று நாட்கள் நோன்பு வைத்து, பாலைவெளியில் பெரும் கூட்டமாகக் கூடி துஆச் செய்தார்கள். அதற்கு முன் கெய்ரோவில் நாளொன்றுக்கு நாற்பதுக்கும் குறைவாகவே மரணங்கள் நிகழ்ந்தன. ஒரு மாதம் செல்வதற்குள் அது நாளொன்றுக்கு ஆயிரத்தையும் தாண்டியது என்று இமாம் அவர்கள் எழுதுகிறார்கள். துஆவை அவர்கள் மறுக்கவில்லை. மழைத் தொழுகைக்குப் போவது போலத் தாஊனுக்காகக் கூட்டம் கூட்டுவதற்கு முன்னோரிடம் வழிகாட்டல் இல்லை என்பதே அவர்களது வாதம்.

முதலாவதற்கு அவர்கள் தந்த பதில்தான் என்னை நிறுத்தி வைத்தது. தாஊன் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் ஆயிஷா (ரழி) அவர்கள் கேட்டறிந்த செய்தி புஹாரியில் உண்டு. அது முன்னர் தண்டனையாக இறக்கப்பட்டது, பின்னர் அல்லாஹ் அதை முஃமின்களுக்கு அருளாக ஆக்கினான், நோய் வந்த ஊரில் பொறுமையோடும் நன்மையை எதிர்பார்த்தும், அல்லாஹ் எழுதியதைத் தவிர வேறெதுவும் தன்னைத் தொடாது என்ற உறுதியோடும் தங்கியிருப்பவருக்கு ஷஹீதின் கூலி உண்டு என்பது அதன் கருத்து. இதை விளக்கும்போது இமாம் அவர்கள் ஒரு நுட்பத்தைச் சுட்டிக் காட்டுகிறார்கள். அந்தக் கூலி கிடைப்பதற்கு அவர் அந்நோயில் மரணிக்க வேண்டும் என்று ஹதீஸ் நிபந்தனை இடவில்லை. பொறுமையோடு இருந்து, நோய் அவரைத் தொடாமலே போய்விட்டாலும் அவருக்கும் அது உண்டு.

இதன் கனத்தை எண்ணிப் பாருங்கள். மரணித்தவர் ஷஹீத் என்று கேட்பது ஆறுதல்தான். ஆனால் உயிரோடு மிஞ்சியவர் என்ன செய்வது? மகளின் வெறுமையான அறையைப் பார்த்துக்கொண்டு அடுத்த நாள் காலை எழும்ப வேண்டியவர் அவரல்லவா? அல்லாஹ்வின் அன்பு போனவர்களோடு போய்விடவில்லை, பின்னால் நிற்பவரையும் அது மூடியிருக்கிறது என்பதை ஹதீஸின் சொற்களுக்குள்ளிருந்தே இமாம் அவர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள்.

நோய்க் காலத்தில் முஃமின் செய்ய வேண்டியவை என்று அவர்கள் சொல்பவற்றில் பொறுமை, நோயாளிகளைச் சென்று பார்ப்பது, அல்லாஹ்வைப் பற்றி நல்லெண்ணம் வைப்பது ஆகியவை இடம்பெறுகின்றன. நல்லெண்ணம், அதாவது ஹுஸ்னுழ் ழன், அவர்களிடம் வெறும் உணர்ச்சியாக இருக்கவில்லை. நோயாளியின் வீட்டுக்குப் போகும் கால்களோடும், எழுதுகோல் பிடிக்கும் கையோடும் சேர்ந்ததாக இருந்தது.

ஒரு பிள்ளை மட்டும் போனால்?

பத்ஹுல் பாரியில் ஜனாஸாக்கள் பற்றிய பகுதியில், பிள்ளைகளை இழந்தவருக்கான நன்மை பற்றிய ஹதீஸ்கள் வருகின்றன. மூன்று பிள்ளைகளை இழந்து நன்மையை எதிர்பார்த்த பெற்றோருக்கு நரகத்திலிருந்து பாதுகாப்பு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, ஒரு பெண்மணி இரண்டு பிள்ளைகள் என்றால் என்னவென்று கேட்கிறார். இரண்டுக்கும் உண்டு என்று பதில் கிடைக்கிறது.

அப்படியானால் ஒரு பிள்ளையை மட்டும் இழந்தவர்? இமாம் அவர்கள் இந்தக் கேள்வியைக் கடந்து போகவில்லை. ஒரு பிள்ளை பற்றிய அறிவிப்புகளைத் தேடி எடுத்து ஒவ்வொன்றையும் உரசிப் பார்க்கிறார்கள். அவற்றில் ஆதாரத்துக்கு நிற்கக் கூடியவை இல்லை என்று காண்கிறார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. புஹாரியின் வேறோர் இடத்தில் இருக்கும் ஒரு ஹதீஸ் குத்ஸியைக் கொண்டு வருகிறார்கள். தன் அடியானுக்கு உலகில் மிகப் பிரியமானவரைத் தான் எடுத்துக்கொள்ள, அந்த அடியான் நன்மையை எதிர்பார்த்தால், அவனுக்குச் சுவனத்தைத் தவிர வேறு கூலி இல்லை என்று அல்லாஹ் சொல்வதாக அமைந்த செய்தி அது. இதில் ஒரு பிள்ளையும் அடங்கும், இவ்விடயத்தில் வந்தவற்றுள் மிகச் சரியானது இதுவே என்று முடிவு சொல்கிறார்கள்.

அவர்கள் இழந்ததோ ஐந்து. ஒன்றை மட்டும் இழந்தவரும் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்று அவர்கள் தேடியிருக்கிறார்கள்.

கண்ணீரைப் பற்றியும் அவர்கள் விளக்கினார்கள். நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் குழந்தைப் பருவத்தில் உயிர் பிரிந்தபோது நபியவர்களின் கண்கள் கலங்கின. அதைக் கண்டு வியந்த தோழருக்கு அது இரக்கம் என்று நபியவர்கள் பதில் கொடுத்தார்கள். உள்ளம் வருந்துவதும் கண் அழுவதும் பொறுமைக்கு முரணானவை அல்ல. அல்லாஹ்வைக் குறை சொல்லும் வார்த்தைதான் முரணானது. கைதிகளுக்கிடையே தன் குழந்தையைத் தேடி அணைத்துக்கொண்ட ஒரு தாயைக் காட்டி, அவளை விட அல்லாஹ் தன் அடியார்கள் மீது இரக்கமுடையவன் என்று நபியவர்கள் தோழர்களுக்கு விளங்க வைத்ததும் புஹாரியில்தான் இருக்கிறது. இந்த ஹதீஸ்களை எல்லாம் கடந்து போகும் ஒரு விரிவுரையை, 817க்கும் 842க்கும் இடைப்பட்ட அந்த வருடங்களில், ஐந்து ஜனாஸாக்களுக்கு நடுவே இமாம் அவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

முடிவு

ஹிஜ்ரி 842 ரஜபில் (கி.பி. 1438) பத்ஹுல் பாரி நிறைவு பெற்றது. அடுத்த மாதம் கெய்ரோவுக்கு வெளியே பெரும் விருந்து வைத்தார்கள். சுமார் ஐந்நூறு தீனார்கள் செலவானதாகப் பதிவு இருக்கிறது. அத்தனை சோகத்தைக் கண்ட மனிதர், அல்லாஹ் தந்த நிஃமத்துக்காக ஊரைக் கூட்டி உணவளித்தார்கள். சோகம் நன்றியைத் தின்றுவிட அவர்கள் இடம் கொடுக்கவில்லை.

ஹிஜ்ரி 852 துல்ஹஜ் மாதம் (கி.பி. 1449) இமாம் அவர்கள் வபாத்தானார்கள். சுல்தான் ஜக்மக் உட்படப் பெருந்திரளான மக்கள் ஜனாஸாவில் கலந்துகொண்டார்கள். அவர்களுடைய மாணவர் அஸ்ஸகாவி (ரஹ்) அவர்கள் ஆசிரியரின் வாழ்வை விரிவான நூலாக எழுதி வைத்ததால்தான் இவற்றை எல்லாம் இன்று நாம் அறிகிறோம்.

உன்ஸ் காத்தூன் அதற்குப் பின்னரும் சுமார் பதினைந்து வருடங்கள் வாழ்ந்தார். ஐந்து மகள்மாரையும் கணவரையும் அனுப்பிவிட்டு, அந்தத் தாய் ஹதீஸ் சபைகளைத் தொடர்ந்தார். புஹாரி வாசித்து முடிக்கும் நாளில் வந்தவர்களுக்கு இனிப்பும் பழங்களும் பகிர்ந்தார் என்று எழுதப்பட்டிருக்கிறது. இமாம் அவர்களைப் பேசும் நாம் இந்த உம்மாவை மறந்துவிடக் கூடாது.

நமக்கு

கொள்ளைநோயில் உறவுகளை இழப்பது நமக்குப் பழங்கதை இல்லை. 2020இல் கொரோனாவில் மரணித்த நமது ஜனாஸாக்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டன. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியும் கேட்கப்படவில்லை. பிறந்து இருபது நாட்களேயான ஒரு சிசுவும் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. பொரளை மயானக் கதவில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். 2021 மார்ச் மாதத்தில் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் மண்ணுக்குள் வைக்கப்படும் வரை எத்தனை வீடுகள் தூங்காமல் இருந்தன. அல்லாஹ் நம்மைக் கைவிட்டுவிட்டானா என்ற கேள்வி அன்று பல நாவுகளில் வந்து நின்றது.

அநீதி அநீதிதான். அதைச் சகித்துக்கொண்டு மௌனமாக இருப்பதைப் பொறுமை என்று யாரும் அழைக்கக் கூடாது. ஆனால் மனிதர்கள் செய்த அநீதியை அல்லாஹ்வின் வெறுப்பு என்று நாம் வாசிக்கவும் கூடாது. குளிப்பாட்டப்படாமல், கபனிடப்படாமல் போனவர்களையும் அவர்களின் இறைவன் அறிவான். அவர்களுக்காகப் பின்னால் நின்று அழுதவர்களையும் அவன் அறிவான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜனாஸா வீட்டுக்குப் போகும் நாம், அந்த வீட்டார் செய்த பாவம் என்னவென்று திண்ணையில் இருந்து கணக்குப் பார்ப்பதை விட்டுவிட வேண்டும். ஐந்து மகள்மாரை இழந்தவர் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த ஹதீஸ் அறிஞர். அவருக்கு முன்னர், பாத்திமா (ரழி) அவர்களைத் தவிர மற்ற எல்லாப் பிள்ளைகளையும் தன் வாழ்நாளிலேயே இழந்தவர் அல்லாஹ்வின் ஹபீபாகிய முஹம்மத் (ஸல்) அவர்கள். பிள்ளை போவது அல்லாஹ்வின் வெறுப்புக்கு அடையாளம் என்றால் இந்த வீடுகளை என்னவென்று சொல்வோம்?

என் மாணவனுடைய வாப்பாவை அண்மையில் மீண்டும் சந்தித்தேன். அவரிடம் நான் இமாம் அவர்களின் வாழ்வைச் சொன்னேன். ஒரு பிள்ளையை மட்டும் இழந்தவருக்காக அந்த இமாம் கிதாபுகளைப் புரட்டித் தேடிய இடத்தையும் சொன்னேன். அவர் நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அந்த ஹதீஸை எழுதித் தரும்படி கேட்டார். என் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பிள்ளைகளை, பெற்றோரை, துணைகளை இழந்து நிற்கும் ஒவ்வோர் உள்ளத்துக்கும் அல்லாஹ் தன்னைப் பற்றிய நல்லெண்ணத்தைத் தந்தருள்வானாக. இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்களையும், உன்ஸ் காத்தூன் அவர்களையும், அவர்களுடைய ஐந்து மகள்மாரையும், நமக்கு முன் போன நம் பிள்ளைகளையும் அவன் சுவனத்தில் ஒன்று சேர்ப்பானாக. ஆமீன்.